கொக்கி என்று எழுதிய தாள்

திங்கள். மூட்டம். மணலி ஆலைகள் பக்கமிருந்து நாற்றக் காற்று.

கோயில் வாசலில் இருந்தவர்கள்: பூங்காவனம், அவள் மருமகள், வலை தைக்கும் தேசப்பன், கண் தெரியாத முனியம்மா, நான். நாற்காலியில் என் தம்பி எத்திராசு, குப்பத்துத் தலைவன்.

அவன் கையில் தாலுகா ஆபீசர் கொடுத்தனுப்பிய தாள், இங்கிலீஷில். "வூட்டுக் கணக்குதான், போடுங்க," என்றான். தலைவன் கையெழுத்துக்குக் கீழே மறுகேள்வி கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. முனியம்மா கைநாட்டு. நான் பெயர் எழுதினேன். தாளை அவன் போனில் படம் மட்டும் எடுக்கச் சொன்னேன், தேசப்பனிடம்.

செவ்வாய். தூறல். விற்கக் கொண்டுபோன நெத்திலி பாதி அப்படியே திரும்பி வந்தது.

பேத்தி ரேவதி காலேஜ் விட்டு வந்ததும் படத்தைப் படித்தாள். எங்கள் பெயருக்கெல்லாம் நேரே ஒரே சொல். என்க்ரோச்சர்.

"அப்டின்னா இன்னாடி?"

"ஆக்கிரமிச்சவங்க ஆயா. நீங்களே ஒத்துகினா மாதிரி ஆயிடும். வூட்ட இடிச்சா கேக்க முடியாது."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, போனில் பார் என்றேன். பிரெஞ்சுக்காரர்களின் பழைய பேச்சில் கொக்கியாம். கொக்கி போட்டு இழுத்துப் பிடுங்குவது.

ஐம்பது வருஷமாக இந்த மணலில் இருக்கிறேன். இரண்டு தடவை வீட்டைப் பிடுங்கியது கடல். நான் யார் மேல் கொக்கி போட்டேன்?



புதன். மழை. ரேவதியோடு எத்திராசு வீடு. தாளைத் திருப்பிக் கொடு என்றேன்.

"பேஜார் பண்ணாதக்கா. ஒரு வார்த்த, அவ்ளோதான்."

"உன் பேருக்கு நேரா இன்னா கீது? படி."

டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேவதி படித்தாள். ரெசிடென்ட். குடியிருப்பவர். லத்தீன் சொல்லாம், உட்கார்ந்து தங்கிவிடுவது.

நாங்கள் கொக்கி போட்டவர்கள், அவன் உட்கார்ந்தவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"ஆபீசருதான் எய்தினாரு."

"படிச்சிட்டுதான போட்ட?"

தாள் காலையிலேயே ஆபீசுக்குப் போய்விட்டது என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

வியாழன். மழை விட்டது. எல்லோரும் ஆபீஸ் போனோம். ரேவதி எழுதிய ஆட்சேபணை மனு. வாங்கி முத்திரை குத்தினார்கள். என்ன ஆகும், சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் முனியம்மா, "என் கைநாட்ட அயிச்சிட்டாங்களா?"

அதிகாரியை விட்டுவிடலாம். அவருக்கு நாங்கள் யார்?

நான் அஞ்சாவதோடு நின்று மீன்கூடை தூக்கி ஒருத்தனைப் பத்தாவது வரை இங்கிலீஷ் படிக்க வைத்தேன். திங்கட்கிழமை கோயில் வாசலில் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

எத்திராசு.