அம்மா முக்காடு போட்ட நான்கு நாட்கள்

கோட்டைமேடு, கோவை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹிபாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை கண்ணு, இரண்டு மாதமாக இந்த ஒரு வரியை உண்மையாக எழுத முடியாமல்தான் கடிதமே போடவில்லை. போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்கு நழுவிவிடுவேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

ரம்ஜான் முடிந்த வாரம் ஒரு காலையில் நான் அறைக்குள் போனதும் அம்மா முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், அந்நிய ஆண் வந்தால் உட்காருவது போல. ஏதோ கோபம் என்று நினைத்தேன். நான்கு நாள் வாசற்படியில் நின்றே டீ வேண்டுமா என்று கேட்டேன், எதற்கென்று தெரியாமல் மன்னிப்பும் கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் தாராபுரத்தில் நிக்காஹ் முடிந்து பஸ் ஏறியபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பல்லடம் தாண்டிய பிறகுதான் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கி, "தண்ணி இருக்குங்களா" என்று கேட்டாள். அதுதான் என்னிடம் பேசிய முதல் பேச்சு. இப்போதும் அப்படி ஒரு பேச்சு வரும் என்று காத்திருந்தேன். அவளுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் நீ கூப்பிட்டாய். "எனக்கு மவளே இல்ல, இனி இந்த ஊட்டுக்குப் பேசாதே" என்று சொல்லி அம்மா போனை வைத்தாள். நீ அவள் பேச்சை மீறி லண்டன் போனதை இன்னும் மன்னிக்கவில்லை என்று நானும் எண்ணி, கொஞ்ச நாள் கூப்பிடாதே என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

அவளுடைய இடது கையும் கன்னமும் ஒரு நொடி வெட்டி இழுக்கும், உடனே நின்றுவிடும். பண்ணை வேலையில் முப்பது வருடம் மழையளவு குறித்த பழக்கத்தில் அதையும் நேரம் போட்டு எழுதி வைத்தேன். ஒரு நாளில் நாற்பத்தொரு முறை. ஐந்தாம் நாள் என்னையே யார் என்று கேட்டாள், பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு டாக்டர்கள் வயதான மறதி என்றார்கள். படித்தவர்களுக்கு நான் போய்ச் சொல்வதா என்று நோட்டை வெளியில் எடுக்கவே இல்லை. மூன்றாவதாக யஷ்வந்த் என்ற டாக்டரிடம் போனபோது துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ஜபருல்லாதான் பொறுக்காமல், "ஏனுங்க டாக்டரு, இவரு நோட்டுப் போட்டு எல்லாம் எழுதி வெச்சிருக்காருங்க, பொண்ணு ஜாதகமாட்டப் பையில மறைச்சு வெச்சிருக்காரு, புடுங்கிப் பாருங்க" என்றார். டாக்டர் நாலு பக்கம் புரட்டிவிட்டு அன்றைக்கே அட்மிட் செய்யச் சொன்னார். ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது, முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தும் சோதித்தார்கள். "கிருமிய அடிக்க வேண்டிய படை, ஆளு தெரியாம மூளையவே அடிச்சுபோட்டுதுங்க. இது பைத்தியமும் இல்லீங்க, கோவமும் இல்லீங்க" என்றார் டாக்டர். உடம்பின் காவலே ஞாபகம் இருக்கும் இடத்தில் கை வைக்கும் என்று இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியாது. முதலிலேயே நோட்டைக் காட்டியிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

ஸ்டீராய்டு மருந்து கொடுத்த ஆறாம் நாள் என்னைப் பார்த்து, "ஏனுங்க, சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இப்போது சமைக்கிறாள், தொழுகிறாள், ஜபருல்லாவைக் கிண்டல் செய்கிறாள். அந்த வாரங்கள் மட்டும் நினைவில் இல்லை, இனி வராது என்கிறார் டாக்டர். தினமும், "ஹிபா ஏங்க கூப்பிடறதில்ல, நான் ஏதாச்சும் சொல்லிபோட்டனா" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லி வருகிறேன். அவள் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், நம்மோடு போகட்டும்.

குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தருவானாக. கடிதம் கிடைத்ததும் மறக்காமல் அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடு, பக்கத்தில் இருந்தால் நான் உளறிவிடுவேன். எடுத்ததும், இத்தனை நாள் எங்கடி போனே என்று திட்டுவாள். பொறுமையாகக் கேட்டுக்கொள் கண்ணு, அது அவளே திட்டுவது.

துஆவுடன்,
உன் அத்தா
அமீர் ஹம்சா