மூன்றாவது வளைவு

அலங்காநல்லூர்,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பவதாரிணிக்கு,

உன் அப்பா சோணை தன் கையாலேயே எழுதும் கடிதம். யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித் தரவில்லை. நானும் அம்மாவும் நம் காளை மருதுவும் நல்ல சுகம். அங்கே இத்தாலியில் உனக்கு வாய்க்குப் பிடித்த சோறு கிடைக்கிறதா, குளிர் தாங்குகிறதா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

எழுத்து எப்படி இருக்கிறது? சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்குப் பாடம் நடத்துகிறாளே எதிர்வீட்டுத் திவ்யா, அவள், "தாத்தா, ஒங்க 'ழ'வப் பாத்தா மாட்டுக் கொம்பு கணக்கா இருக்கு" என்று சிரிக்கிறாள். இருந்தால் என்ன, நம் வீட்டில் கொம்புக்கு மரியாதை உண்டு. இப்போது பஸ்ஸில் ஏற நான் யாரையும் கேட்பதில்லை. போன வாரம் மதுரைக்குப் போகும்போது செல்லூர் வரைக்கும் கடைப் பலகை ஒன்றையும் விடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் முதலில் எழுதப் பழகியது என் பெயரை அல்ல, உன் பெயரை. தைப் பொங்கலில் அப்படி நடந்ததும் அதனால்தான். மருதுவை வளர்ப்பது நாம். பருத்திக்கொட்டை வைப்பதும் கண்மாயில் நீச்சல் விடுவதும் நாம். வாடிவாசலில் மட்டும் அவன் காசிமாயன் காளை. குழாய்க் கம்பெனி முதலாளியான அவர் பெயரில் அவிழ்த்தால் மாடு நேரத்தோடு உள்ளே போகும். நம் பெயரில் என்றால் வெயிலில் நின்றே சோர்ந்துவிடும். அதற்குப் பதிலாகத்தான் அவர் உன் பந்தயக் காருக்குப் பணம் கட்டினார். நம் மாட்டுக்கும் அவர் பெயர், உன் காருக்கும் அவர் பெயர். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கயிறு நம் கையில்தானே இருந்தது.

இந்த வருசம் மைக்கில் பெயர் சொல்பவரிடம் கொடுக்கும் துண்டுச் சீட்டை நானே எழுதினேன். பேனாவை எடுத்ததும் கை தானாக உன் பெயரை எழுதிவிட்டது. "அடுத்து வர்றது நம்ம ஊரு காரு பந்தய வீராங்கனை பவதாரிணி மாடுப்பா! முடிஞ்சா தொட்டுப் பாரு!" என்று மைக்கில் வந்ததும் மூக்கணாங்கயிற்றை அறுக்க மறந்து நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் திட்டிய பிறகுதான் அறுத்தேன். மருதுவை ஒருத்தனும் தொடவில்லை. அன்றைக்கு என்னைப் போல் சந்தோசமான ஆள் மதுரை ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான். மேடையில் இருந்து காசிமாயன் எழுந்து போனதை உன் தாய்மாமன் மொக்கைச்சாமிதான் பார்த்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவர் உன் காருக்குப் பணமும் கட்டவில்லை, போனையும் எடுக்கவில்லை. நீ, "வேற ஆளு கிடைச்சிட்டாகப்பா, நான் கெளம்புறேன்" என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினாய். நானும் நம்பினேன்.

போன மாதம் உன் முதல் பந்தயம் என்று தெருவே நம் வீட்டுக்குள் இருந்தது. திவ்யா தன் போனை டிவியில் இணைத்துக் கொடுத்தாள். அம்மா கேசரி கிண்டினாள். உன் இருபத்தேழாம் நம்பர் கார் தெரிந்ததும் மொக்கைச்சாமி வாசலில் சரவெடி கொளுத்தினான்.

முதல் சுற்றில் மூன்றாவது வளைவு வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

கோயமுத்தூரில் நீ ஓட்டும்போதெல்லாம் நான் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வளைவில்தான் நிற்பேன். மற்றவர்கள் முன்னாடியே பிரேக் பிடிப்பார்கள். நீ பிடிக்க மாட்டாய். இனிச் சுவரில்தான் மோதும் என்று நான் கண்ணை மூடிய பிறகுதான் பிடிப்பாய். கண்ணைத் திறந்தால் உனக்கு முன்னால் போனவன் பின்னால் வந்துகொண்டிருப்பான். இந்த இருபத்தேழு அப்படிப் போகவில்லை. முள்ளுக்குள் கால் வைப்பதுபோல் வளைவுக்கு வளைவு தயங்கியது.

மொக்கைச்சாமி, "என்ன மச்சான், நம்ம புள்ள சாப்பிடலயா? பாரவண்டி கணக்கால்ல போகுது" என்றான். "டயரு சூடாகணும்டா. ஒனக்கு என்ன தெரியும், பேசாமப் பாரு" என்று அதட்டினேன். எல்லாரையும்விட நான்தான் அதிகம் கத்தினேன். நான் கத்திக்கொண்டே இருந்தால் யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா மட்டும் டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் நின்றது. தலைக்கவசம் கழன்றது. யாரோ ஒரு பையன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் நீ நின்றாய், காதில் கருவி மாட்டிக்கொண்டு. அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். சிரித்தாய்.

ஆளாளுக்குச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். கேசரியை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "கார் முழுக்க அவங்கப்பா கம்பெனி பேருதாம்ப்பா ஒட்டியிருக்கு. ஓட்டுற சீட்டு அவனுக்கு. அவனுக்குச் சொல்லிக்குடுக்கிற வேலை எனக்கு. நான் சொல்ற எடத்துல பிரேக் பிடிக்க இன்னும் தைரியம் வரல. வந்திரும்ப்பா" என்றாய். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். இன்னொரு தரம் அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் போன் போடாமல் எழுதுகிறேன்.

நேற்றுக் காசிமாயன் வீட்டுக்குப் போனேன். சொன்னால் போகாதே என்பாய், அதனால் சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்தே பேசினார். "என்ன சோணை, வர்ற தைக்கு யாரு பேரச் சொல்லப் போற?" என்று கேட்டார். "அய்யா பேரத்தான்" என்றேன். பிறகு, "கோவிச்சுக்கிட்டுத்தான் நிறுத்துனேன், இல்லேங்கல. ஆனா நான் நிறுத்தாட்டியும் இதேதான் நடந்திருக்கும். எங்கம்பெனியவே வித்தாலும் அங்கிட்டு அந்தக் காருக்கு டயரு வாங்கத்தான் காணும். ஒம் மக வேகத்த மட்டும் வச்சு அங்க யாரு சீட்டுக் குடுப்பா? ஊருக்கு வந்தா கோயமுத்தூர்ப் பந்தயத்துக்கு எதாச்சும் பாப்போம்" என்றார்.

உள்ளதைச் சொன்னாரா, தன்னால்தான் மகள் சீட்டுப் போனது என்று கிழவன் மனம் நோகக் கூடாதென்று சொன்னாரா, தெரியவில்லை. அவரிடம் இருந்து நான் அப்படி ஒரு ஆறுதலை எதிர்பார்க்கவும் இல்லை. வருகிற தையில் மருது மறுபடி காசிமாயன் காளை. உன் பெயரை மைக்கில் இன்னொரு தரம் கேட்க முடியாது. ஒரு தரம் கேட்டுவிட்டேனே.

வருவதும் அங்கேயே இருப்பதும் உன் இஷ்டம். வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மொக்கைச்சாமியை மிரட்டி வைத்திருக்கிறேன். இருந்தால் வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா வண்டியூர் தெப்பக்குளத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். குங்குமம் உள்ளே மடித்திருக்கிறது. பிரிக்கும்போது கொட்டிவிடாதே.

அந்தப் பையனுக்கு நல்லபடியாகச் சொல்லிக்கொடு. சம்பளம் வாங்கும் வேலையில் வஞ்சகம் வைக்கச் சொல்ல மாட்டேன். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை, அடிபடாமல் ஓட்டட்டும். ஆனால் தாயே, அந்த மூன்றாவது வளைவை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிடாதே. என்றைக்காவது நீ மறுபடி அந்தக் காரில் ஏறுவாய். அன்றைக்குத் தலைக்கவசம் கழன்ற பிறகுதான் உன்னை எனக்கு அடையாளம் தெரிந்தது என்று ஆகிவிடக் கூடாது.

உன் பெயரைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்த
உன் அப்பா,
சோணை.