வெத்தலையில் வந்த பல்

சிங்கப்பூர்,
14.06.2006

அம்மாவுக்கு மக புஸ்பராணியோட வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்க ஈறு வீக்கம் வத்துச்சா? அப்பாவுக்கு இருமல் எப்படி?

நீங்க வெத்தலையில மடிச்சு அனுப்புன பல்லு வந்துச்சு. பல்லுல இருக்குற ஸ்டெம் செல்ல எடுத்து, கெட்டுப்போன ஈற திரும்ப வளக்க எங்க டொக்டரம்மா ஆராய்ச்சி பண்றாங்கன்னு போன கடுதாசியில எழுதுனேனே, அத நம்பித்தானே அனுப்புனீங்க?

நான் வேலை செய்ற வீட்டு டொக்டரம்மாகிட்ட காட்டுனேன். அவங்க சிரிக்கல. "காஞ்ச பல்லுல உயிர் இருக்காது, புஸ்பம். வயசானவங்களுக்குப் பலிக்குமான்னு இன்னும் சோதிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்"னு சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரருதான், "கொழுந்து எடுக்குற கிழவிக்கு எதுக்கு இதெல்லாம்?"னு சிரிச்சாரு. "உங்க கையில இருக்குற டீ அந்தக் கொழுந்துதான் சார்"னு சொல்லிட்டேன். பயப்படாதீங்க, வேலை போகல.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா மிச்சப் பல்லையும் புடுங்கணும்னா சம்மதிக்காதீங்க. பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய், ஈற சுத்தம் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்க. புகையிலைய விட்டுருங்க. பல்லு இருக்கையிலேயே பேசி ஒரு கேசட் அனுப்புங்க, நம்ம லயத்து வரிசை வீட்டுச் சத்தமெல்லாம் விழுற மாதிரி.

சார் கூப்பிடுறாரு, முடிக்கிறேன். அந்தப் பல்ல குப்பையில போடச் சொன்னாரு. அது எங்கம்மா பல்லு, போடமாட்டேன்னு சொல்லிட்டேன்.

புஸ்பராணி