மாட்டிறைச்சிக்கு உப்புப் பார்த்தவர்

கோப்பையில் பாலை முதலில் ஊற்றும் என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களைச் சந்தேகப்பட வேண்டி வந்துவிட்டது. கோபிக்க வேண்டாம். மீனின் செவுளை விரித்துப் பார்த்த பிறகும் முகர்ந்து பார்க்கிறவள் என்று என்னைக் கேலி செய்தவர் நீங்கள்தானே?

போன மாதம் ஹெலன் அம்மா வந்திருந்தார். வாழைச்சேனை ஆற்றங்கரைப் பங்களாவில் நீங்கள் சமையல் கோக்கியாக இருந்தபோது அங்கே குடியிருந்த இஞ்சினியர் துரையின் மனைவி. இப்போது தலை பஞ்சாக நரைத்துவிட்டது. பொல்லு ஊன்றிக்கொண்டு பனிச்சங்கேணியில் நம் வீடு வரைக்கும் உங்களைத் தேடி வந்தார். நீங்கள் இல்லை என்றதும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். அதுவரைக்கும் எல்லாம் சரி.

அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். உங்கள் முறைதான், கோப்பையைச் சுடுதண்ணீரால் அலசி, பாலை முதலில் விட்டு. ஒரு மிடறு குடித்ததும் ஹெலன் அம்மாவுக்கு உங்கள் கைப்பக்குவம் நினைவுக்கு வந்துவிட்டது. கஸ்டட், பாண் புடிங், பன்றித் தொடை ரோஸ்ற், நத்தார்ப் பண்டிகைக்குப் பிராந்தி ஊற்றிய புடிங் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் மேலானது, மாவுக்குள் இறைச்சியைப் பொதிந்து ஆவியில் அவிக்கும் ஒரு புடிங்காம். இங்கிலாந்தில்கூட அந்த ருசியை அவர் காணவில்லையாம். நான் அம்மாவுக்கு “இறைச்சி” என்று மட்டும் மொழிபெயர்த்துவிட்டு நழுவப் பார்த்தேன். ஆனால் நீங்கள் அவருக்குக் குசினித் தமிழ் கற்றுக் கொடுத்திருக்கிறீர்களே!

“மாட்டிறைச்சி,” என்றார் தெளிவாக. “உப்பு, நல்ல அளவு.”

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கண்ணகை அம்மன் சடங்குக்குப் பொங்கல் வைத்த கை உங்களுடையது. வயிற்றுப்பாட்டுக்காக அந்த இறைச்சியைச் சமைத்தீர்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். வாயில் வைத்ததே இல்லை என்று சத்தியம் பண்ணியிருந்தீர்கள். ருசி பாராமல் அப்படி அளவாக உப்புப் போட முடியுமா, அப்பா?

போகும்போது ஹெலன் அம்மா என்னிடம் இன்னொன்றும் சொன்னார். வருசத்தில் ஒரு மாதம் மட்டும் உங்களால் மாட்டிறைச்சியே எடுக்க முடியாதாம். கேட்டால், மாடெல்லாம் பொலன்னறுவைக்குப் போய்விட்டன என்பீர்களாம். தெருவுக்குத் தெரு இறைச்சிக்கடை உள்ள ஓட்டமாவடியில் மாட்டிறைச்சி இல்லாத மாதமா? எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. துரைசாணியிடம் இப்படிக் கூசாமல் அளந்தவர், வீட்டில் மட்டும் உண்மை பேசியிருப்பாரா?

அன்று பின்னேரம் அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் தினமும் வைக்கும் தேத்தண்ணீரை வைக்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான்.

“வயசுபோன மனிசி, மறந்துபோய் மாறிச் சொல்றா, அம்மா,” என்றேன்.

“அவ மாறிச் சொல்லல. சத்தியம் பண்ணின மனிசன்தான் மாறிச் சொல்லியிருக்கார்.”

நீங்கள் மாடு சாப்பிட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு காலமும் எப்படிப்பட்ட மனிதரோடு வாழ்ந்தேன் என்று அம்மா இந்த வயதில் யோசிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போனேன், அந்தக் குசினியில் உங்களோடு வேலை செய்த காதர் காக்காவிடம். வெறுந் தேத்தண்ணீர் தந்தார், தொட்டுக் குடிக்க உள்ளங்கையில் சீனியும் வைத்தார். நான் குடிக்கவில்லை. கூட்டாளியைக் காப்பாற்ற அவரும் பொய் சொல்லலாம் அல்லவா?

“இதக் கேக்கத்தானா புள்ள இவ்வளவு தூரம் வந்த?” என்று சிரித்தார். “எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்த. மாட்டுக்கு உப்பு நான் பாப்பன். பண்டித் தொடைக்கும் பிராந்தி புடிங்குக்கும் உங்கட அப்பா பாப்பார். நான் தலையாட்டினாத்தான் மாட்டுச் சட்டி அடுப்பால இறங்கும்.”

நன்றாக ஜோடித்த கதை போலிருந்தது. விடுவேனா நான்?

“அப்ப நோன்பு மாசத்தில? பகல்ல நீங்க எப்பிடி உப்புப் பாத்த?”

“நோன்போட எப்பிடிப் பாக்கிற? அந்த மாசம் பங்களாவில மாடே இல்ல. மாடெல்லாம் பொலன்னறுவைக்குப் போயிட்டு எண்டு தொரைசாணிக்குச் சொல்லுவார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாம வெளிய போயிருவன்.”

ஹெலன் அம்மா சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை, அப்பா. கையில் சீனியோடு அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப தொரைசாணிக்குத்தான் பொய் சொல்லியிருக்கார்?”

“ஓம் அம்மா.”

எழுந்து போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். கவிழ்த்த கோப்பையை நிமிர்த்திப் பாலை முதலில் ஊற்றினார். நான் பழக்கதோசத்தில் சீனி பார்க்கக் கரண்டியை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

“வையடி. சீனி காணுமோ காணாதோ எண்டு அவரே பாக்கட்டும்.”

சந்தேகப்படுவதை விட்டுவிடுவேன் என்று உங்களுக்கு நான் வாக்குத் தர மாட்டேன். அது உங்களுக்கே நம்பும்படியாக இராது. வேறொன்று தருகிறேன். வரும் நோன்பில் உங்கள் முறைப்படி கஸ்டட் காய்ச்சி, காதர் காக்கா நோன்பு துறக்கக் கொண்டுபோவேன். அவர் நோன்போடு இருப்பார். ருசி நான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நாக்கையும் உங்கள் பிடிவாதத்தையும் கொண்டு பிறந்த மூத்த மகள்