முக்கால் அங்குலம்

11.5.2008 ஞாயிறு

கத்திரி வெயில். குளித்ததும் டேப் வைத்து அளந்தேன். இடது மார்பில் கட்டி, முக்கால் அங்குலம். பொங்கல் கழிந்து எல்லா ஞாயிறும் அதே முக்கால். வலி இல்லை. இருந்த இடத்தில் இருக்கிறது. கடைசி மகன் பாபு கல்யாணம் 18ஆம் தேதி. அது முடியட்டும், பிறகு டாக்டர். புருஷன் இல்லாதவள் என்று மணையிலிருந்து தள்ளி நிற்க வைப்பார்கள். நோயாளி என்றும் பார்க்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை: ரவிக்கைக்கு ஊக்கு. சமையல்காரருக்கு ஆள் அனுப்ப. புரோகிதர் பட்டியலில் இரண்டு எழுத்துப் பிழை, திருத்தியாயிற்று.

12.5 திங்கள்

தம்பி மகள் கீதா சென்னையிலிருந்து வந்தாள். புற்றுநோய் செல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கூடத்தில் எல்லோரும் தாம்பூலப் பை போட்டோம். மூத்த மருமகள் மல்லிகா: "பாக்கு கம்மி பண்ணாத கீதா. பெரணமல்லூர் சம்பந்திங்க பிரிச்சிப் பாத்துகினேதான் பஸ் ஏறுவாங்க."

கீதா சிரித்தாள். "லேப்லயும் எனக்கு இதே வேலதான். செல்லுங்க கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைங்கள வெளிய விடும். சிலது மேல் தோலே மொட்டு விட்டுக் கிள்ளிக்கும். சிலது உள்ள பெரிய பையில ரொம்பி இருக்கும்; அது செல்லு ஓரத்துல ஒட்டி, தொறந்து கொட்டிடும். நல்ல செல்லும் விடும். கான்சர் செல்லு ஜாஸ்தியா விடும். அந்தப் பைங்க ரத்தத்துல போயி, தூரத்துல கான்சர் பரவ எடம் தயார் பண்ணி வைக்கும்."

"கட்டி வளராமலே இருந்தால்?"

"கான்சரா இருந்தா, வளரலன்னாலும் விட்டுகினேதான் இருக்கும். யாருக்கு அத்தை?"

"தெரிந்த ஒருவருக்கு."

அடுத்த பையில் வெற்றிலை வைக்க மறந்தேன். மல்லிகா கண்டுபிடித்தாள். இதுவரை இந்த வீட்டில் பிழை கண்டுபிடிப்பவள் நான்.

13.5 செவ்வாய்

பால் பொங்கி வழிந்தது. ஊக்கு வாங்கவில்லை. நான்கு மாதமாகக் கட்டியை அளந்தேன். அதிலிருந்து கிளம்பிப் போனதை எந்த டேப்பால் அளப்பது.

பாபு: "அம்மா, போட்டோல நீ முன்னாடி நிக்கணும். தள்ளி நின்னா நான் எந்திரிச்சி வந்துடுவேன்."

14.5 புதன்

காலையில் கீதா காபி கொண்டுவந்து கதவைச் சாத்தினாள். "அந்தத் தெரிஞ்சவங்க டாக்டர்கிட்ட போனாங்களா?"

"கல்யாணம் முடியட்டும்."

"அது பத்திரிகை பாத்துட்டு வராது அத்தை. எத்தன நாளா?"

ஒரு வாரம் என்று வாய் வரை வந்தது. இந்த நோட்டை எடுத்து நீட்டினேன். பதினேழு ஞாயிறு. எல்லாவற்றையும் படித்தாள். நாளை காலை பஸ்ஸில் வேலூர் ஆஸ்பத்திரி, அவளும் நானும்.

பாபு மாடியில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறான். அவனிடம் நானே சொல்ல வேண்டும். பந்தல்காரர் இறங்கி வருகிற சத்தம். பாபு தனியாக இருக்கிறான்.