அரம் கீறிய மருந்துச் சீசா

1909, ஐப்பசி 9.

மகளுக்கு இன்றும் காய்ச்சல் இறங்கவில்லை. நேற்று சிராங்கூன் ரோட்டுக் கடையில் புது மருந்து வாங்கினேன். நான் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதுபவன். லேபிளைப் படித்து, மூடியின் அரக்கு உடையவில்லை என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

இன்று மாலையில் என் மனைவி சீசாவின் அடியைத் தடவினாள். “என்னங்க, இது நம்ம வீட்டு சீசாங்க. மண்ணெண்ணெய் சீசாவோட மாறிடக்கூடாதுன்னு நாந்தானே அரத்தால கீறினேன்.”

அவள் போட்ட அதே பெருக்கல் குறி. போன மாதம் பழைய சீசா வாங்க வந்தவனிடம் காலியாக விற்ற சீசா இது. உள்ளே இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் வெல்லத் தண்ணீர்.

அன்று நான்கு மருந்துச் சீசா விற்றேன். மற்ற மூன்றும் எந்தக் குழந்தையின் தலைமாட்டில் இருக்கின்றனவோ.