கெபே சொன்ன சொற்கள்

12-3-1973
அச்சகத்துக்காரர் சிட்டிபாபு அட்டை மாதிரியைக் காட்டினார். ‘கெபெல்லே – தமிழ் அகராதி. தொகுத்தவர்: கைலாசம்.’ அவ்வளவுதான். லைபீரியாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தோம், அவரும் நானும். கடைத்தெரு பேரத்தைத் தாண்டி அந்த ஊர்க் கெபெல்லே மொழியில் அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. பக்கத்து வீட்டுக் கெபே, களை எடுக்கும்போதும் பிள்ளை குளிப்பாட்டும்போதும் சொல்லச் சொல்ல, சொல்லுக்கு ஒரு கார்டாக எழுதினவள் நான். டைப் அடித்துத் தருகிறேன் என்று அத்தனை கார்டுகளையும் வாங்கிக்கொண்டு போன மனுஷன் — நல்லா இருப்பானா?

13-3
சோறு இறங்கவில்லை.

17-3
கைலாசம் வீட்டுக்கே வந்தார். தோளில் சரிகை அங்கவஸ்திரம் வேறு.
“ரேணுகா, ப்ரூஃப் நீதான்மா பாக்கணும். எனக்கு எங்க டைம் இருக்குது?”
கெபே பேராவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.
“அது யாரும்மா?”
ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் அவள் வடித்த சோற்றைத் தின்றவர்! பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

24-3
பெண்கள் காட்டுக்குள் கூடும்போது மட்டும் பேசுகிற சொற்களும் ப்ரூஃபில் அச்சாகியிருக்கின்றன. ஆண்கள் காதில் விழக்கூடாதவை. “உன்னோடு இருக்கட்டும்” என்று கெபே என் கையைப் பிடித்துச் சொன்னவை. அந்தக் கார்டுகளில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். எதற்கென்று இவர் கேட்கவேயில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புத்தகம் அங்கே போனதும் அந்த ஊரில் இவர் இனி தலைகாட்ட முடியாது. எவ்வளவு ஆசையாக இருக்கிறது!

25-3
ஆனால் யார் சொன்னது என்று கேட்பார்களே. கெபேயைத்தானே பிடிப்பார்கள்?

26-3
சிவப்புப் பொட்டுச் சொற்களைக் கோடு போட்டு அடித்தேன். பேனா நிற்கவில்லை. பிரசவம், தாய்ப்பால், தாலாட்டு, பிள்ளைக்காய்ச்சல் — கெபே தந்த ஒவ்வொன்றையும் அடித்தேன். கடைத்தெருவை மட்டும் அவருக்கே விட்டுவைத்தேன்.
“இவ்ளோ எடுக்கணுமாம்மா? சார் ஒத்துக்கினாரா?” என்றார் சிட்டிபாபு.
“அவருதான் என்னையே பாத்துக்கச் சொன்னாரு.”
பொய் இல்லையே.

3-6
வெளியீட்டு விழா. மாலை, பொன்னாடை. பிரித்துக்கூடப் பார்க்காமல் கைலாசம் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். நன்றாகத் தட்டினேன்.

9-8
ஐயம்பேட்டையிலிருந்து காந்தா என்று ஒரு பெண் வந்தாள். சிட்டிபாபு என் விலாசம் கொடுத்தாராம். புருஷனுக்கு லைபீரியாவில் வாத்தியார் வேலை. அடுத்த மாதம் கப்பல். வயிறு தெரிகிறது.
“எனக்கு அங்கதான்கா பொறக்கப்போவுது. வலி எடுத்தா என்னான்னு சொல்றது? பொஸ்தகம் பூரா தேடிக்கினு இருக்கேன், ஒண்ணும் இல்ல. அந்த ஊர்ல பொம்பளைங்களே கெடையாதா?”
யாராவது இதைக் கேட்க வேண்டும் என்றுதானே காத்திருந்தேன்? கேட்டதும் சந்தோஷம் வரவில்லை.

20-8
காந்தா தினமும் வருகிறாள். எழுதிக்கொள்ள விடுவதில்லை. எழுதி வைத்துத்தானே ஒருமுறை பறிகொடுத்தேன். நான் சொல்கிறேன், அவள் திருப்பிச் சொல்கிறாள்.
இன்று நடுவில் கைலாசம் வந்து நின்றார். பொம்பளைகள் சொல் எங்கே என்று எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். இரண்டாம் பதிப்புக்கு நான் அடித்த சொற்கள் வேண்டுமாம்.
“அட்டையிலயே பேரு போட்டுடலாம்மா.”
“யாரு பேரு?”
“உன் பேருதான். வேற யாரு பேரு இருக்குது?”
“உள்ள பொம்பளைங்க பேசிக்கினு இருக்கோம், சார்.”
கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ‘முதுகைப் பிடி’ என்பதைக் காந்தா கெபேயின் மொழியில் மறுபடி சொல்லிக் காட்டினாள். சரியாகத்தான் சொன்னாள்.